நிபந்தனையின்றி என்ற ஒரு சொல்

சிலர் மாலைத் தேநீரோடு இணைந்திருக்கிறீர்கள், சிலர் இன்னொரு கண்டத்தில் விடியும் முன்பே எழுந்து வந்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் நன்றி. தலைப்பைப் பார்த்துவிட்டு, "படைவீரர் உறுதிமொழி பற்றிப் பேச ஒரு நர்ஸ் எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். நான் வரலாறு படித்தவள் அல்ல. ப்ளஸ் டூ முடித்ததும் நர்ஸிங் டிப்ளமோ படித்தேன். இருபது வருடங்களுக்கும் மேலாக வார்டுகளில் வேலை பார்க்கிறேன், நடுவில் கொஞ்சம் எழுதுகிறேன், அவ்வளவுதான். ஆனால் ஆர்டர் என்ற சொல்லைப் படையில் இருப்பவர்களுக்கு அடுத்தபடியாகத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் நாங்கள்தான். அதனால் என் அனுபவம் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஊர்ப்பக்கம் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி. மூச்சிரைப்பு நோயோடு ஒரு பெரியவர் இருந்தார். தூக்கமில்லாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்து பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் எழுப்பிக்கொண்டிருந்தார். மூத்த டாக்டருக்கு போன் செய்தேன். தூக்க ஊசி ஒன்றைச் சொல்லி முழு ஆம்புலையும் போடச் சொன்னார். அந்த மூச்சுக்கு அந்த மருந்து ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்புதான் அதைப் பரீட்சையில் எழுதியிருந்தேன். "டாக்டர், அவருக்கு ஏற்கெனவே மூச்சு..." என்று ஆரம்பித்தேன். "சிஸ்டர், நான் சொல்றேன்ல?" என்றார். போட்டேன்.

நான்கு மணிக்கு அவர் உதடு நீலமாகியிருந்தது. ஐசியூவுக்குக் கொண்டு போய் வென்டிலேட்டரில் வைத்தார்கள். மூன்று நாள் கழித்துப் பிழைத்துக்கொண்டார். விடிந்ததும் நடுங்கிக்கொண்டு நின்ற என்னிடம் இன்சார்ஜ் சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டெலிபோன் ஆர்டர்படின்னு எழுதிட்டியே. உனக்கு ஒண்ணும் ஆகாது." அவர் சொன்னபடியே எனக்கு ஒன்றும் ஆகவில்லை, யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் அன்று பெரியவரின் மனைவி ஒரு சீப்பு ஏத்தன் பழம் கொண்டு வந்து கையில் தந்து, "பிள்ளை நல்லா பாத்துக்கிட்டா" என்றார். அந்தப் பழத்தை என்னால் தின்ன முடியவில்லை.

"ஆர்டர்படி" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் எவ்வளவு வசதியாக ஒளிந்துகொள்ள முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பல வருடம் கழித்து வேலைக்காக ஜெர்மனிக்கு வந்தபோது, ஒரு நாடே அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்த வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

1934 ஆகஸ்ட் 2. ஜெர்மனியின் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் காலையில் இறந்துபோகிறார். ஜனாதிபதி பதவியையும் பிரதமர் பதவியையும் ஹிட்லர் ஒன்றாக்கிக்கொள்கிறார். அன்றே நாடெங்கும் படைமுகாம்களில் வீரர்களை வரிசையாக நிறுத்திப் புதிய உறுதிமொழி எடுக்க வைக்கிறார்கள். கடவுளின் பெயரால் எடுத்த உறுதிமொழி அது. அதன் சாரம் இதுதான்: ஜெர்மன் நாட்டின், மக்களின் தலைவரும் படைகளின் தலைமைத் தளபதியுமான அடால்ஃப் ஹிட்லருக்கு நிபந்தனையின்றிக் கீழ்ப்படிவேன், இந்த உறுதிமொழிக்காக எப்போது வேண்டுமானாலும் உயிரைக் கொடுக்கத் தயாராக இருப்பேன்.

இதற்கு முன் இருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1919-க்குப் பிறகு ஜெர்மன் வீரர்கள் அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதி எடுத்தார்கள். 1933 டிசம்பரில் அரசியல் சட்டத்தை எடுத்துவிட்டு மக்கள், தாய்நாடு என்ற சொற்களைப் போட்டார்கள். எட்டு மாதம் கழித்து அவையும் போய் ஒரு மனிதரின் பெயர் வந்தது. கூடவே நிபந்தனையின்றி என்ற சொல்லும் வந்து உட்கார்ந்தது. இந்த மாற்றத்தை முன்னின்று செய்தவர்கள் பாதுகாப்பு அமைச்சர் புளோம்பெர்க், அவருடைய வலது கையாக இருந்த ரைஷெனாவ் என்ற இரண்டு தளபதிகள். கேட்காமலேயே கொண்டுபோய்க் கொடுத்த காணிக்கை என்று சொல்லலாம். அதே மாதம் 20-ஆம் தேதி வந்த சட்டம் இதை உறுதிப்படுத்தியது. அரசு ஊழியர்களும் ஹிட்லருக்கு விசுவாசமாகவும் கீழ்ப்படிந்தும் இருப்பதாக உறுதி எடுக்க வேண்டும் என்று அது சொன்னது. ஆசிரியர்களிலிருந்து நீதிபதிகள் வரை மிகப் பெரும்பாலோர் எடுத்தார்கள்.

பின்னாளில் ராணுவத் தலைமை அதிகாரியாக இருந்த லுட்விக் பெக் 1938-இல் போர்த் திட்டத்தை எதிர்த்துத் தன் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். தன் அறிவும் மனசாட்சியும் பொறுப்பும் ஓர் ஆணையைத் தடுக்கும் இடத்தில் வீரனின் கீழ்ப்படிதல் முடிந்துவிடுகிறது என்பது அதன் சாரம். மற்ற தளபதிகளும் சேர்ந்து விலக வேண்டும் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் வரவில்லை. அவர் மட்டும் பதவி விலகினார். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சியில் பங்கெடுத்து அன்றிரவே உயிரை விட்டார். அந்த முயற்சியில் சேரும்படி கேட்கப்பட்ட அதிகாரிகளில் பலர், நாடு அழிகிறது என்று தெரிந்தும், "நான் உறுதிமொழி எடுத்தவன்" என்று சொல்லி ஒதுங்கினார்கள். அவர்கள் எல்லோரையும் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். வாக்குத் தவறாமை ஒரு நல்ல குணம். அந்த நல்ல குணத்தையே கயிறாக்கிக் கட்டிப்போட்டதுதான் அந்த உறுதிமொழியின் தந்திரம்.

தளபதிகளைப் பற்றி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. எனக்கு நெருக்கமானவர் ஒரு விவசாயி. ஆஸ்திரியாவில், ஜெர்மன் எல்லையை ஒட்டி ஸால்ஸாக் ஆற்றங்கரையில் சங்க்ட் ராடெகுண்ட் என்ற சின்ன ஊர். நான் இருக்கும் இடத்திலிருந்து ஒரு விடுமுறை நாளில் போய்வரக்கூடிய தூரம். அங்கே 1907-இல் பிறந்தவர் ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். இளமையில் கொஞ்சம் துடுக்கான ஆள். ஊரிலேயே முதல் மோட்டார் சைக்கிள் அவருடையது. 1936-இல் ஃப்ரான்ஸிஸ்காவைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று பெண் குழந்தைகள். பிறகு கோவில்பிள்ளை வேலையையும் பார்த்தார். எங்கள் ஊரில் கோவில்பிள்ளை என்றால் தெரியும்: ஆலயத்தைத் திறந்து, மணியடித்து, பூசைக்கு ஆயத்தம் செய்பவர்.

1938-இல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைந்ததை ஆதரித்து மக்கள் வாக்களித்தபோது, அந்த ஊரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் 1940-இல் படைக்கு அழைப்பு வந்தபோது போனார், பிரவுனாவ் ஊரில் அந்த உறுதிமொழியையும் எடுத்தார். ஹிட்லர் பிறந்த ஊரும் அதுதான். ஆகவே ஃப்ரான்ஸ் முதலிலிருந்தே மறுத்த வீரர் அல்ல. எல்லோரையும்போல ஒருமுறை கையை உயர்த்தியவர்தான். பயிற்சி முடிந்து 1941-இல் வீட்டுக்கு வந்தார். அதற்குள் நிறையப் பார்த்திருந்தார், நிறையக் கேட்டிருந்தார். மனநோயாளிகளை அரசே கொல்கிறது என்ற செய்தியும் அவருக்கு எட்டியிருந்தது. இனி அழைத்தால் போவதில்லை என்று முடிவு செய்தார்.

பங்குத்தந்தைமாரிடம் கேட்டார். லின்ஸ் நகரத்து ஆயரையே போய்ப் பார்த்தார். குடும்பத்தைப் பார், அரசு செய்வதற்கு நீ பொறுப்பல்ல என்ற விதமாகத்தான் ஆயர் அறிவுரை சொன்னார். 1943 பிப்ரவரியில் மறுபடி அழைப்பு வந்தது. மார்ச் தொடக்கத்தில் என்ஸ் முகாமுக்குப் போய், ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று சொன்னார். கூடவே, காயம்பட்டவர்களைப் பார்க்கும் மருத்துவ உதவியாளராக வேலை செய்யத் தயார் என்றும் தெரிவித்தார். அதை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. இதை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அவர் கேட்டது என் வேலையை.

லின்ஸ் சிறையிலிருந்து பெர்லினின் டேகல் சிறைக்கு மாற்றினார்கள். ஜூலை 6 அன்று ராணுவ உயர்நீதிமன்றம், படை வலிமையைக் குலைத்தார் என்று மரண தண்டனை விதித்தது. தண்டனைக்குப் பிறகு ஃப்ரான்ஸிஸ்கா பெர்லின் வரை போய் இருபது நிமிடம் அவரைப் பார்த்தார். மனம் மாறியிருந்தால் உயிர் தப்பியிருக்க வாய்ப்பு இருந்தது. அவர் மாறவில்லை. ஃப்ரான்ஸ் ரைனிஷ் என்ற பாதிரியார் ஏற்கெனவே இதே உறுதிமொழியை மறுத்து 1942-இல் கொல்லப்பட்டிருந்தார். அதைச் சிறைக் குருவானவர் சொன்னபோதுதான், நான் தனியாக இல்லை என்று அவருக்கு ஆறுதல் கிடைத்ததாம். 1943 ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலையை வெட்டினார்கள். வயது 36. மூன்று பெண்களும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள்.

போர் முடிந்த பிறகும் ஊரில் பலர் அவரைக் குடும்பத்தைத் தவிக்கவிட்டவர் என்றுதான் பேசினார்கள். 1964-இல் கோர்டன் ஸான் என்ற அமெரிக்க சமூகவியலாளர் எழுதிய புத்தகம்தான் அவரை உலகுக்குத் தெரியப்படுத்தியது. பெர்லின் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது 1997-இல். கத்தோலிக்கத் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் தந்தது 2007-இல். தொண்ணூற்று நான்கு வயதில் ஃப்ரான்ஸிஸ்கா அந்தத் திருப்பலியில் உட்கார்ந்திருந்தார்.

யேகர்ஷ்டெட்டர் மருத்துவ வேலையைக் கேட்டார் என்று சொன்னேன். அந்த நேரத்தில் மருத்துவத் துறையில் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக இருக்க முடியாது.

அவர் ஊர் இருக்கும் அதே மேல் ஆஸ்திரியாவில், லின்ஸ் பக்கத்தில் ஹார்ட்ஹைம் என்ற மாளிகை இருக்கிறது. 1940-இலும் 41-இலும் அங்கே 18,000-க்கும் மேற்பட்ட மனநோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் நச்சுவாயு அறையில் கொன்றார்கள். இப்படி ஆறு இடங்கள், மொத்தம் எழுபதாயிரம் பேர். நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றி, பயப்படாதீர்கள் என்று சொல்லிக் கூட்டிப்போனவர்களில் நர்ஸுகளும் இருந்தார்கள். 1941 ஆகஸ்டில் மூன்ஸ்டர் ஆயர் காலன் பிரசங்க மேடையிலிருந்தே இதைக் கண்டித்தார். அந்த மாதமே வாயு அறைத் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் கொலை நிற்கவில்லை, வார்டுக்குள் போனது. இன்று போலந்தில் இருக்கும் மெஸெரிட்ஸ்-ஓப்ராவால்டே மருத்துவமனையில் ஆயிரக்கணக்கானோரை அளவுக்கு மீறிய தூக்கமருந்தும் மார்ஃபினும் கொடுத்துக் கொன்றார்கள். மருந்தைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தவர்கள் நர்ஸுகள். குடிக்க முடியாதவர்களுக்கு ஊசி.

போருக்குப் பின் 1946-இல் அங்கிருந்த ஒரு டாக்டருக்கும் ஒரு நர்ஸுக்கும் பெர்லினில் மரண தண்டனை கிடைத்தது. 1965-இல் மியூனிக்கில் பதினான்கு நர்ஸுகள்மீது வழக்கு நடந்தது. டாக்டர் சொன்னார், செய்தோம், கீழ்ப்படியத்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற வகையில்தான் அவர்கள் வாதம் இருந்தது. பதினான்கு பேரும் விடுதலையானார்கள். கேஸ் ஷீட்டில் "ஆர்டர்படி" என்று எழுதியவளுக்கு அந்த வாதத்தைப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குப் புரியும். நான் ஒரு பெரியவரைக் கொல்ல நினைக்கவில்லை, டாக்டரும் நினைக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கை மருந்தை எடுக்கும்போது மனம் எங்கே ஒதுங்கி நிற்கிறதோ, அந்த இடம் ஒன்றுதான்.

மறுத்தால் உயிர் போயிருக்குமே என்று கேட்கலாம். யேகர்ஷ்டெட்டருக்குப் போனது. ஆனால் அவர் மறுத்தது போர்ச் சேவையையே. நிராயுதபாணிகளைக் கொல்ல மறுத்ததற்காக மரண தண்டனை பெற்றவர் என்று ஒருவரைக்கூட, போருக்குப் பின் நடந்த இத்தனை வழக்குகளில், எதிர்தரப்பு வழக்கறிஞர்களால் காட்ட முடியவில்லை. 1942 ஜூலை 13 அன்று போலந்தின் யூஸெஃபூவ் ஊரில், சுமார் ஐந்நூறு பேர் கொண்ட ஒரு ஜெர்மன் போலீஸ் படையிடம் யூதர்களைச் சுடும் வேலை வந்தது. அதன் மேஜர் ட்ராப், முடியாது என்று நினைக்கும் வயதானவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொன்னார். அப்போது முன்னால் வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். வந்தவர்களுக்குத் தண்டனை இல்லை. அன்று சுமார் 1,500 பேர் சுடப்பட்டார்கள். கிறிஸ்டோஃபர் பிரவுனிங் என்ற வரலாற்றாசிரியர் 1992-இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். சக ஆட்கள் முன் கோழையாகத் தெரிவோமோ என்ற கூச்சம் பலரை வரிசையிலேயே நிறுத்தியது என்கிறார்.

இன்னொன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த நாஜி காலத்திலும் ஜெர்மன் ராணுவக் குற்றச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு உயிரோடு இருந்தது. ஓர் ஆணை குற்றம் செய்யவே இடப்படுகிறது என்று தெரிந்தே நிறைவேற்றினால் கீழே இருப்பவனும் குற்றவாளி என்று சொன்ன பிரிவு அது. 1945 ஆகஸ்ட் 8 அன்று கையெழுத்தான லண்டன் சாசனம் நியூரம்பர்க் விசாரணைக்கு வகுத்த விதியும் ஏறக்குறைய அதுதான்: மேலிடத்து ஆணை தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தைப் போக்காது. 1956-இல் மேற்கு ஜெர்மனி இயற்றிய படைவீரர் சட்டம் தெளிவாகவே எழுதியது: மனித மாண்பைக் குலைக்கும் ஆணைக்குக் கீழ்ப்படியாமல் இருப்பது குற்றமல்ல, குற்றமாகும் ஆணைக்குக் கீழ்ப்படியவே கூடாது. இன்றைய ஜெர்மன் வீரர் எடுக்கும் உறுதிமொழியில் எந்த மனிதரின் பெயரும் இல்லை.

கீழ்ப்படிதலே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதயம் நின்ற ஒருவரைச் சுற்றி ஆறு பேர் நிற்கும்போது ஒருவர்தான் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். அங்கே விவாதம் நடத்தினால் ஆள் போய்விடுவார். படையும் அப்படித்தான். நம்மில் சிலர் போரின் நடுவிலிருந்து வந்தவர்கள். கட்டுப்பாடு இழந்த துப்பாக்கி எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படியானால் எல்லைக்கோடு எங்கே?

எனக்குப் பதில் கிடைத்தது எங்கள் உறுதிமொழியிலேயே. விளக்கேற்றும் விழாவில் வெள்ளைச் சீருடையில் நின்று நாங்கள் சொல்லும் நைட்டிங்கேல் உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில், லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் எழுதப்பட்டது. அதில் இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன: டாக்டருக்கு அவர் வேலையில் விசுவாசமாகத் துணை நிற்பேன் என்பது ஒன்று. தீங்கான மருந்தைத் தெரிந்தே கொடுக்கமாட்டேன் என்பது இன்னொன்று. பதினெட்டு வயதில் மெழுகுவர்த்தியோடு இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். இரண்டும் ஒருநாள் மோதும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அன்றிரவு மோதியது. நான் முதலாவதைக் காப்பாற்றினேன், இரண்டாவதை மீறினேன். உறுதிமொழிப்படி நடந்தேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

நல்ல உறுதிமொழிக்குள் இந்த இரண்டாவது வாக்கு இருக்கிறது. யாருக்காகக் கீழ்ப்படிகிறோம் என்பதை அது மறக்க விடாது. 1934-இன் உறுதிமொழி அதைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் நிபந்தனையின்றி என்ற சொல்லை வைத்தது. அப்படிப்பட்ட வாக்கைக் கொடுக்க மனிதருக்கு உரிமையே இல்லை என்று நினைக்கிறேன். கொடுத்திருந்தாலும் அது கட்டாது. ஏரோது ராஜா விருந்தில் எல்லோர் முன்னாலும் ஆணையிட்டுவிட்டான். அந்த ஆணையைக் காப்பாற்ற யோவான் ஸ்நானகனின் தலையைத் தட்டில் வைத்துக் கொடுத்தான். அவனை வாக்குத் தவறாதவன் என்று எந்த ஞாயிறுப் பள்ளியிலும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. சிறைக்குள் போய் வாளை ஓங்கினானே, அந்தச் சேவகனுக்கு வேதாகமத்தில் பெயர்கூட இல்லை. ஆனால் யாத்திராகமத்தில், பிறக்கும் எபிரெய ஆண் பிள்ளைகளைக் கொல்லுங்கள் என்று பார்வோன் சொன்னபோது செய்யாமல் விட்ட இரண்டு மருத்துவச்சிகளுக்குப் பெயர் இருக்கிறது: சிப்பிராள், பூவாள். அந்தப் பார்வோனுக்குப் பெயர் இல்லை.

போன மாதம் எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்காக ஒரு பெண் வந்தாள், பத்தொன்பது வயது. மருந்துத் தட்டோடு என்னிடம் வந்து, "இந்த அளவு சரியா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, டாக்டரிடம் மறுபடி கேட்கலாமா?" என்றாள். கேட்டோம். அளவு சரியாகத்தான் இருந்தது. டாக்டருக்குக் கொஞ்சம் எரிச்சல். அவள் முகம் சிவந்துவிட்டது. நீ செய்ததுதான் சரி, அடுத்த முறையும் கேள் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது அந்தப் பெரியவர் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.